பழைய பெட்ரோல் ட்ரக், 350 வி8 எஞ்சின்: எந்த ஸ்பார்க் ப்ளக் போடறது?

கரிப்புகை:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசம் முன்னாடி 1972 மாடல் செவர்லே பிக்கப் ஒண்ணு வாங்கினேன், 350 ஸ்மால் பிளாக் எஞ்சின், நாலு பேரல் கார்பரேட்டர். காயிலுக்கு கரண்ட விட்டு விட்டுக் குடுக்கற பழைய பாயிண்ட் செட்ட தூக்கிட்டு ஹெச்இஐங்கற எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர் போட்டுருக்காங்க, அது பார்த்தாலே தெரியுது. வேற என்னென்ன மாத்தினாங்கன்னு கேக்கலாம்னா ஆளே இல்ல, வண்டி ரெண்டு மூணு கை மாறி என்கிட்ட வந்துருக்கு.

விஷயம் என்னன்னா, ஸ்டார்ட் ஆகுது, ஐடில்ல ஓரளவு நிக்குது, ஆனா லோடு ஏத்திட்டு மேடு ஏறும்போது தும்முது, ஆக்சிலேட்டர அழுத்த அழுத்த இன்னும் மோசம். ப்ளக்க கழட்டிப் பார்த்தேன். எட்டுல ஏழு காஞ்ச கரி, விரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டிக்குது. ஏழாம் நம்பர் சிலிண்டர்ல மட்டும் எண்ணெயில முக்கி எடுத்த மாதிரி பளபளன்னு ஈரம்.

இப்ப மூணு பேர் மூணு சொல்றாங்க. புக்குல 1972 350க்கு ஏசி கம்பெனியோட ஆர்44டி, கேப் (பொறி தாவற இடைவெளி) 0.035 இன்ச்னு இருக்கு. ஸ்பேர் கடைக்காரர் இரிடியம் போடுங்க, ஆயுசுக்கும் திரும்பிப் பாக்க வேணாம்னார். ஃப்ரெண்ட் ஒருத்தன் கரி பிடிக்குதுன்னா ஹாட் ப்ளக் போடு, நம்பர ஏத்திக்கிட்டே போன்னான். எதக் கேக்கறது?

சும்மாவந்தேன்:
ட்ரக்குன்னா டீசல் தானே பாஸ், அதுல ஸ்பார்க் ப்ளக் எங்கேர்ந்து வந்துச்சு? க்ளோ ப்ளக்க சொல்றீங்களா?

ராத்திரிகரேஜ்:
@சும்மாவந்தேன் பிக்கப் ட்ரக்குப்பா, பெட்ரோல் வி8. க்ளோ ப்ளக் வேற ஜாதி, அது டீசல்ல எஞ்சின் குளுந்து கிடக்கும்போது அறைய சூடாக்கிட்டு அதுக்கப்புறம் படுத்துக்கும். இது ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்குக்கும் பொறி அடிச்சாகணும்.

@கரிப்புகை ஆர்44டிக்கு பதிலா ஆர்45டி போட்டு ஓட்டுங்க, ஒரு படி ஹாட், கரி தானா எரிஞ்சிரும். நான் என் வண்டில அப்படித்தான் வச்சிருக்கேன்.

பழையஇரும்பு:
தம்பி, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. கழட்டின ப்ளக்குல வாஷர் இருந்துச்சா? த்ரெட்டுக்கு மேல உக்காருமே ஒரு மெல்லிசு வளையம், அது. அப்புறம் எந்த சாக்கெட் போட்டு கழட்டினீங்க?

கரிப்புகை:
இருந்துச்சு அண்ணே, எட்டுலயும் வாஷர் இருக்கு. சாக்கெட் பெருசு, 13/16. கிட்டுல இருந்த சின்னது நுழையவே இல்ல.

பழையஇரும்பு:
நினைச்சேன். ஆர்44டி டேப்பர் சீட் ப்ளக் தம்பி, உக்கார்ற இடம் கூம்பா இருக்கும், அதுக்கு வாஷரே கிடையாது, 5/8 சாக்கெட்டுல கழலும். உங்க எஞ்சின்ல இப்ப இருக்கறது கேஸ்கெட் சீட், 13/16. அப்படின்னா ஹெட், அதான் ப்ளக் திருகற சிலிண்டர் மூடி, பழைய ஹெட் இல்ல, யாரோ மாத்திருக்காங்க. புக்கு சொல்றது கம்பெனிலேர்ந்து இறங்கின அன்னிக்கு இருந்த ஹெட்ட வச்சு. ப்ளக்கு உக்காரப் போறது இன்னிக்கு இருக்கற ஓட்டைல. வண்டியோட வருஷத்துக்கு ப்ளக் வாங்காதீங்க, ஹெட்டுக்கு வாங்குங்க.

ரெண்டு வேலை செய்ங்க. வெறும் காந்தம் ஒண்ண ஹெட்டுல வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா அலுமினியம். அப்புறம் பழைய ப்ளக்க எடுத்து வாஷர் உக்கார்ற இடத்துலேர்ந்து த்ரெட் முடியற வரைக்கும் ஸ்கேல்ல அளந்து சொல்லுங்க. பீங்கான்ல எழுதியிருக்கற நம்பரையும் துடைச்சுப் படிச்சு அப்படியே போடுங்க, ஒரு எழுத்து விடாம.

வால்வுவாத்தியார்:
பெரியவர் சொல்றதுல ஒரு சேர்க்கை. இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றோம்னா, நீளம் தப்பாப் போனா வெறும் கரியோட நிக்காது. ப்ளக்கோட த்ரெட் நீளத்தத்தான் ரீச்னு சொல்றது. பழைய இரும்பு ஹெட்டுக்கு வர்ற டேப்பர் ப்ளக்கோட ரீச் 0.460 இன்ச், கிட்டத்தட்ட 11.7 எம்எம். பின்னாடி மாத்தற அலுமினியம் ஹெட்டுல பெரும்பாலும் முக்கால் இன்ச், அதாவது 19 எம்எம். குட்டை ப்ளக்க நீள ஓட்டைல போட்டா நுனி உள்ள எட்டிப் பாக்காது, கிணத்துக்குள்ள விளக்கு வச்ச மாதிரி பொறி அங்கயே மறைஞ்சு அடிக்கும், மிச்ச த்ரெட்டுல கரி ஏறி கல்லாயிரும், அப்புறம் என்னிக்காவது சரியான ப்ளக் போடும்போது அந்தக் கரி த்ரெட்டையே பிச்சுக்கிட்டு வரும். நீள ப்ளக்க குட்டை ஓட்டைல போட்டா கதையே வேற. பிஸ்டன் வந்து நுனில முட்டும், முட்டலன்னாலும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கற த்ரெட் பழுக்கக் காய்ஞ்சு பொறி அடிக்கறதுக்கு முன்னாடியே மிக்ஸ்சர பத்த வைக்கும்.

14 எம்எம் த்ரெட் ரெண்டுக்கும் பொதுங்கறதுதான் ஆபத்தே, எது வேணாலும் திருகினா உள்ள போகும்.

கரிப்புகை:
காந்தம் ஒட்டல! ரெண்டு பக்க ஹெட்டும் அலுமினியம். பெயிண்ட் அடிச்சிருந்ததால தெரியாம இருந்துருக்கு. அளவு 19 எம்எம். நம்பர்: என்ஜிகே பிபிஆர்7ஈஎஸ். எட்டும் அதே.

நல்லவேளை, ஆர்44டி ஒரு செட் வாங்கி டப்பா பிரிக்காம வச்சிருக்கேன், திருப்பிக் குடுத்துர்றேன்.

வால்வுவாத்தியார்:
சரி, இப்ப பாதி கதை வெளிய வந்துருச்சு. அந்த நம்பர உடைச்சுப் பாக்கலாம். பி-ன்னா 14 எம்எம் த்ரெட். அடுத்த பி, பீங்கான் மூக்கு கொஞ்சம் வெளிய நீட்டியிருக்கும். ஆர், உள்ள ரெசிஸ்டர் இருக்கு. 7 ஹீட் ரேஞ்ச். ஈ-ன்னா 19 எம்எம் ரீச், உங்க ஸ்கேல் பொய் சொல்லல. எஸ், சாதாரண காப்பர் கோர் ப்ளக்.

மாட்டிக்கிட்டிருக்கறது அந்த 7. என்ஜிகேல நம்பர் ஏற ஏற ப்ளக் கோல்டு, அதாவது குளுமை. ஏசில ஏற ஏற ஹாட். நேர் தலைகீழ். டென்சோவும் என்ஜிகே மாதிரி, ஏறினா கோல்டு. சாம்பியன், போஷ், ஆட்டோலைட் மூணும் ஏசி கட்சி, ஏறினா ஹாட், ஆட்டோலைட்ல மட்டும் கடைசி இலக்கத்த பாக்கணும். உங்க ஃப்ரெண்ட் 'நம்பர ஏத்திக்கிட்டே போ'ன்னது ஏசிக்கு சரி, என்ஜிகேக்கு சொன்னா கொள்ளிக்கட்டைய எடுத்து தலைய சொறிஞ்ச கதை. முன்னாடி வச்சிருந்தவரும் இதே அறிவுரைய யார்கிட்டயாவது கேட்டு 5, 6, 7ன்னு ஏத்தி இன்னும் கரிய வரவழைச்சிருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

ஸ்பேனர்12:
இந்த ஹாட் கோல்டு எனக்கு என்னிக்குமே புரிஞ்சதில்ல. ஹாட் ப்ளக்னா பொறி சூடா அடிக்குமா?

வால்வுவாத்தியார்:
இல்ல ப்ரோ, நிறைய பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. பொறிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நுனில இருக்கற சூட்ட ப்ளக் எவ்ளோ வேகமா ஹெட்டுக்கு கடத்துதுங்கறதுதான் ஹீட் ரேஞ்ச். ரெண்டு ப்ளக்க பக்கத்துல பக்கத்துல வச்சு கீழேர்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹாட் ப்ளக்குல வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமா, சுத்தி ஆழமான பள்ளத்தோட இருக்கும், சூடு ரொம்ப தூரம் நடந்துதான் இரும்புக்குப் போகணும், அதனால நுனி சூடாவே நிக்கும். கோல்டு ப்ளக்குல மூக்கு குட்டை, சூடு ஒரே தாவுல ஓடிரும்.

நுனி ஏறக்குறைய 450 டிகிரி தொட்டாத்தான் மேல படியற கரிய தானே எரிச்சுக்கும். 850 பக்கம் தாண்டினா நுனியே கங்கு மாதிரி ஆகி ப்ரீ-இக்னிஷன், பொறிக்கு முன்னாடியே பத்திக்கும். நடுவுல நிக்க வைக்கறதுதான் முழு வித்தையும். ஒரு படி மாத்தினா நுனி சூடு சுமாரா 70லேர்ந்து 100 டிகிரி மாறும். ரேஸ், நைட்ரஸ் மாதிரி எஞ்சின வறுத்தெடுக்கறவங்களுக்கு 7, 8 தேவை. கரிப்புகை மாதிரி மூட்டை ஏத்தி நிதானமா ஓட்டற ட்ரக்குக்கு 7 போட்டா நுனி சூடேறவே ஏறாது, கரி படிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

ராத்திரிகரேஜ்:
அப்ப நான் சொன்னது சரிதானே, ஹாட் ப்ளக் போடுங்கன்னு 😀

பழையஇரும்பு:
மாப்ள, நீ சொன்னது சரியான பதில், கேள்விதான் தப்பு. நீ ஆர்45டி போடச் சொன்ன, அது அந்த ஹெட்டுக்கு சேரவே சேராது. அவருக்கு 7 தப்புன்னு தெரிஞ்சதுக்கப்புறம் 6க்கு வர்றது சரியான இடத்துக்கு திரும்பி வர்றது. சரியான ரேஞ்சுல இருக்கும்போதே கரி பிடிக்குதுன்னு இன்னும் ஹாட்டா போறது வேற, அது காய்ச்சல்ல தெர்மாமீட்டர ஒடைக்கற வேலை. கார்பரேட்டர் ரிச்சா (பெட்ரோல் அதிகமா) இருக்கா, சோக் பாதில மாட்டிக்கிட்டிருக்கா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, அதப் பாக்காம ப்ளக்க ஹாட் ஆக்கினா கரி போகும், பெட்ரோல் வீணாறது போகாது. அப்புறம் ஒருநாள் லோடோட நீள மேடு ஏறும்போது பிஸ்டன்ல ஓட்டை.

ராத்திரிகரேஜ்:
ஓட்டைன்னு பயமுறுத்தாதீங்க அண்ணே, ஒரு படில பிஸ்டன் ஓட்டையாகாது. நான் அஞ்சு வருஷமா ஓட்டறேன்.

பழையஇரும்பு:
ஒரு படில ஆகாது, ஒத்துக்கறேன். பொறி அடிக்கற டைமிங்கும் கொஞ்சம் முன்னாடி, மிக்ஸ்சரும் கொஞ்சம் லீன் (பெட்ரோல் கம்மி), ப்ளக்கும் ஒரு படி ஹாட், மூணும் சேர்ந்தா ஆகும். ஆனவன் சொல்றேன்.

கரிப்புகை:
அப்ப பிபிஆர்6ஈஎஸ் வாங்கிர்றேன். இரிடியம் போடலாமா? கடைக்காரர் இன்னும் விடல. 😅

ஸ்பேனர்12:
இரிடியம் போடுங்க பாஸ், என் கார்ல போட்டேன், வண்டி பறக்குது.

வால்வுவாத்தியார்:
பழைய ப்ளக் தேஞ்சிருக்கும், புதுசு எதப் போட்டிருந்தாலும் பறந்திருக்கும்.

இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இங்கதான் ஜனங்க காச விடறாங்க. காப்பர் ப்ளக்னு சொல்றோம், செம்பு உள்ள நடுத்தண்டுல இருக்கு, நுனில பொறி அடிக்கற இடம் நிக்கல் அலாய். நிக்கல் சீக்கிரம் தேயும், முனை மழுங்க மழுங்க கேப் விரியும், காயில் இன்னும் அதிக வோல்டேஜ் தள்ள வேண்டியிருக்கும். பிளாட்டினமும் இரிடியமும் தேயறது ரொம்ப மெதுவு. நிக்கல் 1455 டிகிரில உருகும், பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. அதனாலதான் இரிடியத்துல நடு எலெக்ட்ரோட ஊசி மாதிரி 0.4, 0.6 எம்எம்முக்கு வைக்க முடியுது, ஊசி முனைல பொறி கம்மி வோல்டேஜ்லயே தாவும். அது நெஜமான லாபம்தான், பொய் இல்ல.

ஆனா அதோட பெரிய வரமே ஆயுசு. மேனிஃபோல்டுக்கு அடில ஒளிஞ்சிருக்கற ப்ளக்க லட்சம் கிலோமீட்டர் தொடாம இருக்கணும்னா இரிடியம் தங்கம். உங்களுக்கோ ஏழாம் சிலிண்டர் எண்ணெய் குடிக்குது, கார்பரேட்டர் இன்னும் செட் ஆகல, மாசத்துக்கு ரெண்டு தடவ கழட்டிக் கழட்டி நிறம் பாக்கப் போறீங்க. எண்ணெயில ஊறினா இரிடியமும் ஒண்ணுதான் நிக்கலும் ஒண்ணுதான், ரெண்டும் ஷார்ட் ஆகும். எஞ்சின் நேர் ஆகற வரைக்கும் சாதா காப்பர்ல ஓட்டுங்க. அப்புறம் வேணும்னா மாத்திக்கலாம்.

டிஸ்ட்ரிப்யூட்டர்:
ஒரு எச்சரிக்கை. இரிடியம் வாங்கினா டப்பாவ பாத்து மயங்காதீங்க, நான் ஆன்லைன்ல ஒரு செட் வாங்கி ஏமாந்தேன். பிரிச்சுப் பாத்தா நடு முனை நிக்கல் ப்ளக் மாதிரியே தடியா இருந்துச்சு, பேர் மட்டும் இரிடியம், பீங்கான்ல அச்சு நகத்தால தேச்சா உதிருது. ஊசி முனை இல்லன்னா அது இரிடியம் இல்ல, அவ்ளோதான்.

இப்ப @கரிப்புகை, மேடு ஏறும்போது தும்மறது கரியால மட்டும்னு எனக்குத் தோணல. ஹெச்இஐக்கு கரண்ட் எந்த வயர்லேர்ந்து எடுத்துருக்காங்க? எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும்போது டிஸ்ட்ரிப்யூட்டர் மூடில பேட்னு (BAT) போட்டுருக்கற முனைல மீட்டர வச்சு வோல்ட் சொல்லுங்க.

கரிப்புகை:
8.6 வோல்ட் காட்டுது. பேட்டரில 14.1 இருக்கு. இது பிரச்னையா?

டிஸ்ட்ரிப்யூட்டர்:
பிரச்னையாவா! அதுதாங்க பாதி வியாதி. 1972ல பாயிண்ட் செட்டு, அது கருகிடக் கூடாதுன்னு இக்னிஷன் சுவிட்ச்லேர்ந்து காயிலுக்கு வர்ற வயரையே ரெசிஸ்டன்ஸ் வயரா போட்டுருப்பாங்க, வோல்ட்ட குறைச்சுக் குடுக்கும். ஹெச்இஐ அப்புறம் வந்தது, 1975 மாடல்லேர்ந்து ஜிஎம் வண்டிங்கள்ல அதுதான், அதுக்கு முழு 12 வோல்ட் வேணும். மாத்தினவர் பழைய வயரையே எடுத்து புது டிஸ்ட்ரிப்யூட்டர்ல குத்திட்டுப் போயிட்டார், ஓடுதேன்னு விட்டுட்டார். ஐடில்ல ஓடும். லோடுல சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும்போது பொறி தாவறதுக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேணும், அங்க சோறு பத்தாம மயங்கி விழுது.

ஃப்யூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற முனைலேர்ந்து தடிமனான புது வயர் ஒண்ணு இழுங்க. க்ராங்க் பண்ணும்போதும் அதுல கரண்ட் இருக்கணும், சில முனைல ஸ்டார்ட்டர் சுத்தும்போது செத்துரும், மீட்டர் வச்சு பாத்துட்டு எடுங்க.

கேப்பும் இதோட சேர்ந்தது. புக்குல இருக்கற 0.035 பாயிண்ட் செட்டுக்கு. ஹெச்இஐக்கு 0.045 வரைக்கும் போகலாம், அதாவது 1.14 எம்எம். ஆனா வயர் மாத்தறதுக்கு முன்னாடி கேப்ப விரிச்சிராதீங்க, 8.6 வோல்ட்ல 0.045 போட்டா இப்ப தும்மறது அப்ப இருமும்.

வால்வுவாத்தியார்:
கேப் வைக்கும்போது வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கற கம்பிய மட்டும் வளைங்க, நடு முனைய நெம்புகோல் மாதிரி தாங்கி நெம்பினா பீங்கான் கீறல் விடும். தேஞ்ச ப்ளக்க அளக்கறதுக்கு பட்டை ஃபீலர் கேஜ் வேணாம், உருண்டைக் கம்பி கேஜ் எடுங்க, தேஞ்ச குழிக்குள்ள பட்டை இறங்காது, கேப் கம்மியாவே காட்டும்.

ஸ்பேனர்12:
நான் எப்பவுமே கேப்ப பாக்காம டப்பாலேர்ந்து அப்படியே போட்டுருவேனே…

பழையஇரும்பு:
அதான் பறக்குதுன்னு சொன்னீங்களே 😀 டப்பால இருக்கற கேப் எந்த வண்டிக்கு வச்சதோ. தூக்கிப் போட்டு கடை மாறி வந்ததுல ஒண்ணு ரெண்டு அமுங்கியும் இருக்கும்.

கரிப்புகை:
வயர் மாத்திட்டேன், இப்ப 13.8 வருது. நாளைக்கு ப்ளக் போடப் போறேன். அலுமினியம் ஹெட்டுன்னதும் பயமா இருக்கு, த்ரெட் போயிருச்சுன்னா? த்ரெட் ஒட்டிக்காம இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவணுமா?

பழையஇரும்பு:
பயம் இருந்தா நல்லதுதான், அந்த பயம் கைல இருக்கணும். எஞ்சின் நல்லா ஆறினதுக்கப்புறம்தான் ப்ளக்க தொடணும். கழட்டறதுக்கு முன்னாடி ப்ளக்க சுத்தி இருக்கற மண்ண காத்தடிச்சு ஊதுங்க, இல்லன்னா கழட்டினதும் அது நேரா சிலிண்டருக்குள்ள விழும். ப்ளக் வயர பிடிச்சு இழுக்காதீங்க, வயர் முனைல இருக்கற ரப்பர் உறைய பிடிச்சு ஒரு அரை சுத்து திருகி அப்புறம் இழுங்க.

மாட்டறதுக்கு என் வழி இது. பெட்ரோல் ஹோஸ் ஒரு ஜாண் நறுக்கி ப்ளக்கோட வால்ல சொருகிக்குவேன், வயர் மாட்டற பக்கத்துல. ஹோஸ பிடிச்சு ப்ளக்க ஓட்டைல வச்சு ரெண்டு விரலால உருட்டுவேன். த்ரெட் நேரா பிடிச்சா வெண்ணெய் மாதிரி இறங்கும், கோணலா பிடிச்சா ரப்பர் வழுக்கி சும்மா சுத்தும், ப்ளக் நகராது. ராட்செட்டுக்கு அந்த அறிவு கிடையாது, கோணலா இருந்தாலும் முறுக்கிக்கிட்டே போகும். ஹோஸ்ல அடி வரைக்கும் இறங்கினதுக்கப்புறம்தான் சாக்கெட்ட கையில எடுக்கணும்.

வால்வுவாத்தியார்:
டார்க் ரென்ச் (எவ்ளோ இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) இருந்தா 14 எம்எம் கேஸ்கெட் ப்ளக்குக்கு அலுமினியம் ஹெட்டுல 25லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். இரும்பு ஹெட்டுன்னா 35 வரை. இல்லன்னா கையால முட்டற வரை திருகிட்டு, புது வாஷர்னா அங்கேர்ந்து அரை சுத்து, மிஞ்சிப் போனா மூணுல ரெண்டு பங்கு சுத்து, வாஷர் நசுங்கறது கைல தெரியும். வேற யாராவது டேப்பர் ப்ளக்கோட இத படிச்சா: உங்களுக்கு பதினாறுல ஒரு பங்கு சுத்துதான், அரை சுத்து சுத்தினீங்கன்னா அடுத்த தடவ அது வெளிய வராது.

ஆன்டி-சீஸ் வேணாம். என்ஜிகேகாரங்களே வேணாம்னுதான் சொல்றாங்க, ப்ளக் உடம்புல ஏற்கனவே முலாம் இருக்கு, மேல அதையும் தடவினா த்ரெட் வழுக்கி அதே டார்க்ல அதிகமா இறுகிரும்.

ராத்திரிகரேஜ்:
இதுல நான் ஒத்துக்க மாட்டேன். அலுமினியத்துல வருஷக்கணக்கா விட்டா ஒட்டிக்கும், ஒரு சொட்டு தடவறதுல தப்பில்ல, டார்க்க கொஞ்சம் குறைச்சுக்கிட்டாப் போதும்.

வால்வுவாத்தியார்:
ஒரு சொட்டுன்னு ஆரம்பிச்சு பிரஷ்ல அடிக்கறாங்க, நுனில பட்டா கரண்ட் அது வழியா ஓடும். இவர் மாசம் ரெண்டு தடவ கழட்டப் போறார், ஒட்டறதுக்கு எங்க நேரம்.

டிஸ்ட்ரிப்யூட்டர்:
வயர் மாட்டும்போது இன்னொண்ணு. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இதுல 5ம் 7ம் அடுத்தடுத்து அடிக்குது, ரெண்டும் இடது பக்கம் பின்னால ஒட்டி ஒட்டி இருக்கற சிலிண்டர். அந்த ரெண்டு வயரையும் ஒண்ணா கட்டி இணையா ஓட விட்டா 5 அடிக்கும்போது 7ல கொஞ்சம் கசிஞ்சு, நேரம் வர்றதுக்கு முன்னாடியே 7ல பொறி விழும். பிரிச்சு விடுங்க, குறுக்க போகணும்னா நேர் குறுக்கா போகட்டும்.

கரிப்புகை:
வந்துட்டேன். பிபிஆர்6ஈஎஸ், 0.045, புது வயர். ஹோஸ் ட்ரிக் சூப்பர் அண்ணே, மூணாம் சிலிண்டர்ல நெஜமாவே வழுக்கிச்சு, வெளிய எடுத்து திரும்ப வச்சதும் இறங்கிருச்சு. 5, 7 வயர் ரெண்டும் ஒரே டேகுல கட்டிதான் இருந்துச்சு, பிரிச்சுட்டேன். லோடோட அதே மேடு ஏறினேன், தும்மல் இல்ல!

மூணு வாரம் ஓட்டிட்டு கழட்டிப் பாத்தேன். ஏழு ப்ளக் நல்லா இருக்கு, ஆனா எல்லாரும் சொல்ற பிரவுன் கலர் வரல, கிட்டத்தட்ட வெள்ளையாவே இருக்கு, லீனா? ஏழாம் நம்பர் திரும்பவும் எண்ணெய்.

பழையஇரும்பு:
அந்த பிரவுன் கலர் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கதை. ஈயமில்லாத பெட்ரோல்ல மூக்கு வெளுப்பாத்தான் இருக்கும். மூக்கு நுனிய பாக்காதீங்க, பள்ளத்துக்குள்ள டார்ச் அடிச்சு பீங்கானோட அடில பாருங்க, அங்க மெல்லிசா ஒரு கரி வளையம் இருந்தா மிக்ஸ்சர் சரி. பீங்கான் கொப்புளம் விட்டிருந்தாலோ பளபளன்னு கண்ணாடி பூசின மாதிரி இருந்தாலோ, சின்னச் சின்ன அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்தாலோதான் பயப்படணும். இன்னொண்ணு, வீட்டுக்கு வந்து அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டுட்டு கழட்டினா ஐடில் கதையத்தான் ப்ளக் சொல்லும். லோடுல ஓட்டி அப்படியே சாவிய ஆஃப் பண்ணி ஓரமா உருட்டி நிறுத்திக் கழட்டுங்க. ஸ்டியரிங் லாக் ஆகாதபடி பாத்துக்கங்க, பிரேக்கும் கனமாயிரும், ஆள் இல்லாத ரோட்ல மட்டும்.

ஏழுக்கு கம்ப்ரஷன் பாருங்க. முதல்ல அப்படியே, அப்புறம் ப்ளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு.

கரிப்புகை:
மத்ததெல்லாம் 150லேர்ந்து 158 பிஎஸ்ஐ. ஏழு 152, ஆயில் விட்டதும் 156. அவ்ளோதான் ஏறுது. இன்னொண்ணு கவனிச்சேன், ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணும்போது இடது சைலன்சர்ல நீலமா ஒரு புகை குப்புன்னு வருது, அரை நிமிஷத்துல நின்னுருது.

வால்வுவாத்தியார்:
பிஸ்டன் ரிங் தப்பிச்சுது. ரிங் போயிருந்தா ஆயில் விட்டதும் முள்ளு நல்லா எகிறியிருக்கும். நின்ன வண்டில காலைல ஒரு குப்பு நீலப் புகைன்னா வால்வு சீல், ராத்திரி பூரா ஆயில் வால்வு தண்டு போற கைட் குழாய் வழியா சொட்டி வால்வு மேல தேங்குது. நாள் பூரா புகை வந்தா இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் சந்தேகப்படலாம், இந்த எஞ்சின்ல கேஸ்கெட்டோட அடிப்பக்கம் விட்டுருச்சுன்னா நடுப்பள்ளத்துல இருக்கற ஆயில உறிஞ்சும். உங்களுக்கு அது இல்லன்னு நினைக்கறேன்.

ராத்திரிகரேஜ்:
சீல் மாத்தற வரைக்கும் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பிபிஆர்5ஈஎஸ் போட்டு ஓட்டட்டுமே. இப்பவாவது நான் சொல்றத கேப்பீங்களா அண்ணே?

பழையஇரும்பு:
இந்த தடவ கேக்கறேன் மாப்ள. ஒரு சிலிண்டருக்கு, சீல் வர்ற வரைக்கும், கனமான லோடு ஏத்தாம. நாங்களும் பண்ணினதுதான். சீல் மாத்தின அன்னிக்கே 6க்கு திரும்பிரணும், மறந்துரக் கூடாது.

கரிப்புகை:
சீல் மாத்த ஹெட்ட கழட்டணுமா? அதுக்கு எனக்கு தைரியம் இல்ல.

பழையஇரும்பு:
வேணாம், கயித்துலயே முடிச்சிரலாம். வால்வு கவர், ராக்கர் கழட்டிட்டு, ஏழாம் பிஸ்டன் மேல ஏறிக்கிட்டிருக்கும்போது டாப்புக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. ப்ளக் ஓட்டை வழியா சுத்தமான நைலான் கயித்த உள்ள திணிங்க, விரல் தடிமன் வேணாம், பென்சிலவிட மெல்லிசா. இனி போகாதுங்கற வரைக்கும் திணிச்சுட்டு க்ராங்க கையால மெதுவா சுத்தினீங்கன்னா கயிறு வால்வுக்கு முட்டுக் குடுத்துரும், ஸ்பிரிங் கழட்டும்போது வால்வு உள்ள விழாது. ஆயில் இறங்கற ஓட்டைங்கள துணியால அடைச்சிருங்க, வால்வு லாக் கடுகு மாதிரி துள்ளி அதுக்குள்ளதான் போய் விழும்.

கரிப்புகை:
கயிறு எவ்ளோ நீளம் எடுக்கறது அண்ணே?

பழையஇரும்பு:
தாராளமா எடுங்க. வெளிய நிக்கற முனைல ஒரு பெரிய முடிச்சு போட்டுட்டு ஆரம்பிங்க தம்பி. முடிச்சு போடாம நான் ஒரு தடவ திணிச்சேன், அந்த எஞ்சின்ல ஹெட்ட கழட்டித்தான் கயித்த எடுத்தேன்.